வாடை இல்லாத போதை: வீட்டில் ஒருவர் வலி மாத்திரையில் சிக்கியிருக்கிறாரா என்று கண்டுபிடிக்கும் முறை

தேனி மாவட்டம் கம்பத்தில் விடிகாலை ஜீப் ஏறி, கம்பம்மெட்டு வழியாகக் கேரளத்தில் வண்டன்மேடு, நெடுங்கண்டம் பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குப் போய், இருட்டும் நேரத்தில் திரும்புகிற வீடுகளில் வலி மாத்திரை என்பது உப்பு, புளி மாதிரி. ஏன் போடுகிறாய் என்று யாரும் கேட்பதில்லை. என் தம்பியும் அப்படி ஒரு ஜீப் ஓட்டியவன்தான். அவன் மாத்திரைக்குள் போய்விட்டதை நான் கண்டுபிடிக்க 14 மாதம் ஆனது. நான் சாராய வாடையையும் சிவந்த கண்ணையும் தேடிக்கொண்டிருந்தேன். இந்தப் போதையில் இரண்டும் கிடையாது.

அதற்குப் பிறகு மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உள்ள குடும்பங்களோடு ஆஸ்பத்திரிக்குத் துணையாகப் போய்வருகிறேன். பெரும்பாலும் தப்பு நடப்பது வரிசையில்தான். முதலில் பையைக் குடைகிறார்கள், அப்புறம் அடி, அப்புறம் அறையில் போட்டுப் பூட்டு, எல்லாம் முடிந்து கடைசியில் டாக்டர். கீழே உள்ள வரிசை வேறு. நான் டாக்டர் இல்லை. நோய் இதுதான் என்று சொல்வது அவர் வேலை. ஆள் உயிரோடும், நாம் சரியான தகவலோடும் அவரிடம் போய்ச் சேர்வதுவரைதான் இந்த வழிகாட்டி.

1. எல்லாவற்றுக்கும் முன்னால்: மூச்சைப் பார்க்கப் பழகுங்கள்

சந்தேகம் உறுதியானதும் இதைப் படித்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட வேண்டாம். போதை தரும் வலி மாத்திரைகள் அபின் வகை மருந்துகள். அவை ஆளைக் கொல்வது பெரும்பாலும் மூச்சை நிறுத்தித்தான். மூச்சு விடச் சொல்லி மூளை அனுப்பும் உத்தரவு மங்கிப்போகிறது. ஆள் தூங்குகிறார் என்று வீட்டில் எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு மூச்சுக்கு நடுவில் இடைவெளி நீண்டுகொண்டே போய் நின்றுவிடும்.

சும்மா படுத்திருக்கும் பெரியவர் ஒருவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுவார். 10க்குக் கீழே போனால் ஆபத்து. இதை வீட்டில் நன்றாக இருப்பவர் தூங்கும்போது ஒரு முறை எண்ணிப் பாருங்கள். எது சரியான மூச்சு என்று கண்ணுக்குப் பழகியிருந்தால்தான் எது சரியில்லை என்று தெரியும்.

மற்ற அடையாளங்கள்: கூப்பிட்டாலும் தோளைக் குலுக்கினாலும் எழாமல் இருப்பது, தொண்டையில் களகளவென்ற சத்தம், உதடும் நகக்கண்ணும் நீலம் அல்லது சாம்பல் நிறமாவது, உடம்பு சில்லிட்டு ஈரமாக இருப்பது, கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருப்பது. நம் நிறத்துக்கு முகத்தில் நீலம் தெரியாது. உதட்டை லேசாக விலக்கி ஈறைப் பாருங்கள்.

"நல்லா கொறட்ட விட்டுத் தூங்குறான், எழுப்பாதம்மா." இப்படிச் சொல்லி விட்டுவிட்டு, காலையில் ஆளே இல்லாமல் போன வீடுகள் எனக்குத் தெரியும். வழக்கமில்லாத, ஆழமான, விட்டுவிட்டு வரும் குறட்டை தூக்கமாக இல்லாமலும் இருக்கலாம்.

அப்படிப்பட்ட நிலையில் வரிசை இதுதான். பேர் சொல்லிக் கத்துங்கள், நெஞ்சு நடு எலும்பில் கை முட்டியால் அழுத்தித் தேயுங்கள். எழவில்லை என்றால் உடனே 108. மூச்சு இல்லை, அல்லது எப்போதாவது ஒன்று வருகிறது என்றால் மல்லாக்கப் படுக்க வைத்து, தலையைப் பின்னால் சாய்த்துத் தாடையை உயர்த்தி, வாயில் ஏதும் இருந்தால் எடுத்துவிட்டு, மூக்கைப் பொத்தி, 5 விநாடிக்கு ஒரு முறை வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். நெஞ்சு மேலே எழ வேண்டும். அசைவும் இல்லை, மூச்சும் துளிகூட இல்லை என்றால் 108இல் பேசுகிறவர் சொல்கிறபடி நெஞ்சை அழுத்த வேண்டியிருக்கும். அதனால் போனை ஸ்பீக்கரில் போட்டு அருகில் வையுங்கள். மூச்சு ஒழுங்காக இருக்கிறது, ஆள் மட்டும் எழவில்லை என்றால் இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாந்தி வந்தால் வெளியே வழியும். தனியாக விட்டு எங்கும் போகாதீர்கள்.

மோர், எலுமிச்சைச் சாறு, உப்புத் தண்ணீர் எதையும் வாயில் ஊற்றக் கூடாது. அது நேரே நுரையீரலுக்குப் போகும். தலையில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவதும், இரண்டு பேர் தாங்கிப் பிடித்து முற்றத்தில் நடக்க வைப்பதும் நேரத்தைத் தின்னும், அவ்வளவுதான். டிரமடால், டாபென்டடால் என்ற வலி மாத்திரைகளில் வலிப்பும் வரலாம். கையில் இரும்புச் சாவி கொடுப்பதால் எதுவும் நடக்காது. பக்கவாட்டில் திருப்பி, தலை அடிபடாமல் பார்த்துக்கொண்டு, 108ஐக் கூப்பிடுங்கள்.

மலையோரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு விஷயம். போன் எந்த மாநில டவரைப் பிடித்திருக்கிறதோ, அந்த மாநில 108 எடுக்கும். கம்பம்மெட்டில் நின்று கூப்பிட்ட எனக்கு மலையாளத்தில் பதில் வந்தது, நான் பதறிப்போய் போனை வைத்துவிட்டேன். வைக்காதீர்கள். மாநிலம், செக்போஸ்ட் பெயர், பக்கத்து எஸ்டேட் பெயர், "மூச்சு இல்லை" என்ற நான்கையும் சொன்னால் போதும், எந்த மொழியாக இருந்தாலும் புரியும்.

ஆஸ்பத்திரியில் நாலாக்சோன் என்ற மாற்று மருந்து போடுவார்கள். சில நிமிடத்தில் ஆள் எழுந்து உட்கார்ந்துவிடுவார். "எனக்கு ஒண்ணுமில்ல, வீட்டுக்குப் போலாம்" என்பார். போகாதீர்கள். நாலாக்சோன் 30 முதல் 90 நிமிடம்தான் நிற்கும், அவர் போட்ட மாத்திரை அதைவிட அதிக நேரம் நிற்கலாம். மாற்று மருந்து இறங்கியதும் மூச்சு மறுபடி நிற்கக்கூடும். டாக்டர் அனுப்பினால்தான் கிளம்ப வேண்டும்.

2. தொடங்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

ஒரு நோட்டு. 40 பக்கம் போதும். தேதி, நேரம், கண்ணால் பார்த்தது மட்டும். "திமிராப் பேசினான்" என்று எழுதாதீர்கள். "மதியம் 2 மணி, சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தபடி தலை தொங்கியது, கூப்பிட்டதும் நிமிர்ந்தான்" என்று எழுதுங்கள். டாக்டருக்குப் பயன்படுவது இரண்டாவது.

பூட்டு போட்ட ஒரு பெட்டி. வீட்டில் உள்ள எல்லா மாத்திரையும் எண்ணி அதற்குள் போக வேண்டும். பாட்டியின் முட்டிவலி மாத்திரை, அப்பாவின் தூக்க மாத்திரை உட்பட. சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் இது இன்னும் அவசரம். பெரியவர் போடும் ஒரே ஒரு மாத்திரை குழந்தையின் மூச்சை நிறுத்தப் போதும்.

பழைய மருத்துவச் சீட்டுகள். முதன்முதலில் யார், எதற்காக, எத்தனை நாளுக்கு எழுதிக் கொடுத்தார் என்று தெரிந்தால் பாதி கதை விளங்கும்.

நான்கு எண்கள், சுவரில் பெரிதாக: ஆம்புலன்ஸ் 108, தேசிய போதை மீட்பு உதவி எண் 14446, மனநல உதவிக்கு டெலி மானஸ் 14416, கேரளப் பக்கம் இருந்தால் அந்த மாநில அரசின் போதை மீட்புத் திட்டமான விமுக்தி 14405.

அப்புறம் இன்னொரு ஆள். தனியாக இதைச் செய்தால் இரண்டாவது வாரத்திலேயே கத்தத் தொடங்கிவிடுவீர்கள். விஷயம் ஊரெல்லாம் பரவாமல் வாயை அடக்கத் தெரிந்த ஒருவர் போதும். எனக்கு எங்கள் சித்தி.

3. எந்த மருந்துகளைத் தேடுகிறோம்

நாட்டு மருந்தான அபினின் குடும்பம் இது. ஆஸ்பத்திரி வழியாக வருபவை: டிரமடால், டாபென்டடால், மார்ஃபின், தோலில் ஒட்டும் ஃபென்டனில் பட்டை, புப்ரெனார்ஃபின், கோடீன் கலந்த இருமல் சிரப். தெரு வழியாக வருவது: ஹெராயின், அதன் மட்டரகமான பிரவுன் சுகர். நம் பக்கத்துப் பையன்களிடம் நான் அதிகம் பார்ப்பது டாபென்டடால்தான். "வலி மாத்திரை" என்றே சொல்வார்கள். அந்தப் பெயர்தான் நம்மை ஏமாற்றுகிறது.

பாரசிட்டமால், டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக் இந்தக் குடும்பம் இல்லை. அளவு மீறினால் ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும், ஆனால் போதை தராது. அட்டையின் பின்பக்கம் உள்ள மூலப்பெயரைப் படியுங்கள். முன்பக்கம் பெரிதாக இருக்கும் கம்பெனிப் பெயரை வைத்து ஒன்றும் தெரியாது. கிழிந்த அட்டை என்றால் போட்டோ எடுத்து மெடிக்கலில் காட்டிக் கேளுங்கள்.

கலவை மாத்திரைகளில் ஒரு கணக்கு இருக்கிறது. டிரமடால் பெரும்பாலும் 325 மி.கி. பாரசிட்டமாலோடு சேர்ந்துதான் வரும். போதைக்காக நாளைக்கு 13 போடுகிறவர் தனக்குத் தெரியாமலே 4 கிராம் பாரசிட்டமாலைத் தாண்டிவிடுகிறார், அது ஈரலுக்கு விஷம். கண் மஞ்சளாகிறதா என்றும் பாருங்கள்.

இவற்றோடு தூக்க மாத்திரையோ மதுவோ சேர்ந்தால் ஆபத்து கூடுகிறது என்பதைவிடப் பெருகுகிறது என்றே சொல்ல வேண்டும். நைட்ரசிபாம், டயசிபாம், அல்பிரசோலம் எல்லாமே மூச்சை மந்தமாக்கும் மருந்துகள். ஞாயிற்றுக்கிழமை குவார்ட்டரோடு இரண்டு மாத்திரை என்பது பல வீடுகளில் பெரிய விஷயமாகவே தெரிவதில்லை.

4. உடம்பில் தெரிபவை: கண், தூக்கம், வயிறு

கண்ணில் தொடங்குங்கள், ஏனென்றால் பொய் சொல்லத் தெரியாத உறுப்பு அதுதான். மங்கலான வெளிச்சத்தில் எல்லாருக்கும் கண்மணி விரியும். மாலையில் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போது உங்கள் கண்ணையும் அவர் கண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள். உங்களுக்கு மிளகளவு இருக்க, அவருக்குக் கடுகைவிடச் சின்னதாக இருந்தால் நோட்டில் எழுதுங்கள். வெயிலில் பார்த்தால் எல்லாருக்கும் சின்னதாகத்தான் இருக்கும், அங்கேதான் புதிதாகப் பார்ப்பவர்கள் ஏமாறுகிறார்கள். டிரமடால் போடுகிறவருக்குக் கண்மணி சுருங்காமலும் இருக்கலாம். கண் சரியாக இருக்கிறது என்பதற்காகச் சந்தேகத்தை விட்டுவிட வேண்டாம்.

அடுத்தது தூக்கம். இரவுத் தூக்கத்தைச் சொல்லவில்லை. பேசிக்கொண்டே இருக்கும்போது இமை இறங்கி, தலை மெல்லத் தொங்கி, சட்டென நிமிர்ந்து "ஆங், சொல்லு" என்பார். தம்பியின் கைலிகளில் சின்னச் சின்னத் தீ ஓட்டைகள் இருந்தன. சிகரெட் பிடித்தபடியே தலை தொங்கிப் போனதன் தடம் அது. நான் மாதக்கணக்கில் அதைத் துவைத்தும் தைத்தும் கொடுத்திருக்கிறேன்.

அப்புறம் வயிறு. அபின் மருந்து குடலை மந்தமாக்கும், வாரத்துக்கு இரண்டு முறை வெளிக்குப் போனாலே பெரிது. அம்மா அதைச் சூட்டு உடம்பு என்று சொல்லி நீராகாரமும் விளக்கெண்ணெயும் கொடுத்துக்கொண்டிருந்தார். கண்மணி மற்றவர்களுக்குத் தெரியாமல் போகலாம், கழிவறைக் கணக்கு வீட்டில் அம்மாவுக்குத் தெரியும். லயத்து வீட்டில் பொதுக் கழிவறை என்றால் இதைக் கவனிப்பது கஷ்டம், பேதி மாத்திரை அட்டை கிடக்கிறதா என்று பாருங்கள்.

மூக்கையும் கழுத்தையும் சொறிவது, வாய் காய்வது, சோறு குறைந்து இனிப்பு மேல் ஆசை கூடுவது, பெண்களுக்கு மாதவிலக்கு தள்ளிப்போவது எல்லாம் கூட வரும். தனியாக ஒவ்வொன்றுக்கும் ஆயிரம் காரணம் உண்டு. மூன்று நான்கு ஒன்றாக, பல வாரம் தொடர்ந்தால்தான் பொருள். பெண்களை யாரும் சந்தேகப்படுவதில்லை என்பதால் அவர்கள் விஷயம் வெளியே வர இன்னும் அதிக நாள் ஆகிறது.

ஊசி போடுகிறவர் என்றால், கம்பத்து வெயிலிலும் முழுக்கைச் சட்டை. முழங்கை மடிப்பில் மட்டும் தேடாதீர்கள். புறங்கை, கணுக்கால், தொடை இடுக்கிலும் தழும்போ கட்டியோ இருக்கலாம். மாத்திரை வாயால் விழுங்கச் செய்யப்பட்டது. அதைக் கரைத்து நரம்பில் ஏற்றும்போது, மாத்திரையை இறுக்கிப் பிடிக்கச் சேர்த்த மாவுப் பொருட்கள் கரையாமல் நுரையீரலின் நுண்ணிய ரத்தக் குழாய்களை அடைக்கின்றன. ஊசி கைமாறினால் எச்.ஐ.வி., மஞ்சள் காமாலையின் பி, சி வகைகள். விடாத காய்ச்சல் இருந்தால் இதய வால்வில் கிருமி தங்கியிருக்கலாம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

5. மாத்திரை கிடைக்காத நாளைக் கவனியுங்கள்

அதிகம் காட்டிக்கொடுப்பது போதை நாள் இல்லை, போதை இல்லாத நாள். உடம்பு மருந்துக்குப் பழகியபின் அது நின்றதும் எல்லாம் தலைகீழாகும். சுருங்கிய கண்மணி விரியும், மலச்சிக்கல் வயிற்றுப்போக்காகும், தூங்கி விழுந்தவர் கொட்டக் கொட்ட விழித்திருப்பார். மூக்கும் கண்ணும் ஒழுகும், கொட்டாவி மேல் கொட்டாவி வரும், புல்லரிக்கும், கால் இழுத்துப் பிடிக்கும், முதுகு முறுக்கும். டாக்டர்கள் வித்டிராயல் என்பார்கள். வீட்டில் "சளிக்காய்ச்சல்" என்போம்.

கடைசி மாத்திரைக்குப் பின் பெரும்பாலும் அரை நாளில் தொடங்கி, இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய், ஒரு வாரம் பத்து நாளில் இறங்கும். மாதம் இரண்டு முறை வந்து, வெளியே போய்விட்டுத் திரும்பிய அரை மணி நேரத்தில் சரியாகிவிடும் காய்ச்சல் காய்ச்சலே இல்லை. கூலி கைக்கு வரும் சனிக்கிழமைக்கு முந்திய இரண்டு நாட்களை நோட்டில் தனியாகக் குறியுங்கள். எனக்கு உண்மை பிடிபட்டது அந்தக் கணக்கில்தான்.

6. பொருட்கள், பணம்

இதை ஏன் இவ்வளவு பின்னால் வைத்தேன் என்றால், முதலிலேயே பையைக் குடைந்தால் அவர் ஒளிக்கும் இடத்தை மாற்றிவிடுவார். உங்கள் நம்பிக்கையும் போய்விடும், தகவலும் கிடைக்காது.

பார்க்க வேண்டியவை: கிழித்து மடித்த மாத்திரை அட்டை, நீரிழிவு நோயாளி இல்லாத வீட்டில் இன்சுலின் சிரிஞ்ச், ஊசி மருந்து கரைக்கும் தண்ணீர்க் குப்பி, சலைன் பாட்டில், சிரப் பாட்டில்கள், அடியில் கருகிய கரண்டி, கருகிய அலுமினியத் தாள், யார் அனுப்பியது என்று தெரியாத கூரியர் பொட்டலம், ஒரே ஆளுக்கு ஜிபேயில் திரும்பத் திரும்ப 200, 300 ரூபாய். வண்டிக் கடன் கட்ட வைத்த பணம், நகை, அரிசி மூட்டை எல்லாம் கரையத் தொடங்கியிருக்கும். ஊசியைக் கண்டால் வெறும் கையால் தொடாதீர்கள். தடித்த பிளாஸ்டிக் டப்பாவில் இடுக்கியால் எடுத்துப் போட்டு மூடுங்கள்.

கண்ட மாத்திரையை எல்லாம் கழிவறையில் கொட்டுவது பலருக்குத் தோன்றும் முதல் யோசனை. கொட்டினால் அன்று இரவே எங்கிருந்தோ என்னவென்று தெரியாத சரக்கு வரும். தூக்க மாத்திரையும் சேர்த்துப் பழகியவருக்குத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பே வரலாம். எண்ணுங்கள், போட்டோ எடுங்கள், டாக்டரிடம் கொண்டுபோங்கள்.

7. வேறெதுவாகவும் இருக்கலாமா என்று பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிக் குதித்து அவமானப்பட்ட குடும்பங்கள் உண்டு.

நம் பக்கத்தில் முக்கியமானது பூச்சிமருந்து. ஏலத்தோட்டத்திலும் திராட்சைத் தோட்டத்திலும் மருந்து அடிப்பவருக்கு அந்த விஷம் ஏறினாலும் கண்மணி ஊசிமுனையாகும், ஆள் மயங்குவார். வேறுபாடு ஈரத்தில் இருக்கிறது. பூச்சிமருந்தில் எச்சில், கண்ணீர், வியர்வை, வாந்தி, பேதி என்று எல்லாம் கொட்டும், தசை துடிக்கும். அபின் மருந்தில் வாய் காயும், குடல் கட்டும். இரண்டுக்கும் 108தான். ஆனால் "மாத்திரைப் போதை" என்று நீங்களே முடிவுகட்டிச் சொன்னால் சிகிச்சை திசைமாறும். "மருந்தடிக்கிற வேலை பார்க்கிறார்" என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நீரிழிவு உள்ளவருக்குச் சர்க்கரை இறங்கினாலும் மயக்கம், உளறல் வரும். சில கண் சொட்டு மருந்துகள் கண்மணியைச் சுருக்கும். மனச்சோர்விலும் ஆள் ஒதுங்கிப் படுப்பார்.

புற்றுநோய் வலிக்கு மார்ஃபின் எடுப்பவரைத் தயவுசெய்து இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். மலைக்கு அந்தப் பக்கம் வீட்டுக்கே வந்து பார்க்கும் பாலியேட்டிவ் (வலி தணிப்பு) நர்ஸுகள் அந்த மாத்திரையை அளவு பார்த்துக் கொடுக்கிறார்கள். நாளானால் அவர் உடம்பும் அதற்குப் பழகும், திடீரென்று நிறுத்தினால் அவருக்கும் முறுக்கும். அதற்குப் பெயர் அடிமைத்தனம் இல்லை. சொன்ன அளவில், சொன்ன நேரத்தில், வலிக்காக எடுக்கிறாரா என்பதுதான் கேள்வி. அளவு தன்னால் கூடுவது, சீட்டு "தொலைந்துபோவது", இரண்டு மூன்று டாக்டரிடம் ஒரே நேரத்தில் எழுதி வாங்குவது, வலி போன பின்னும் மாத்திரை போகாமல் இருப்பது, இவைதான் எச்சரிக்கை.

8. பேச்சை எடுப்பது

நேரம் முக்கியம். போதையில் இருக்கும்போது பேசினால் அவருக்கு நினைவிருக்காது, முறுக்கிக்கொண்டிருக்கும்போது பேசினால் காது கேட்காது. நடுவில் தெளிவாக இருக்கும் சில மணி நேரம் எது என்று உங்கள் நோட்டே சொல்லும்.

பெரியப்பா, மாமா, மச்சான் என்று பஞ்சாயத்து கூட்டாதீர்கள். எங்கள் வீட்டில் கூட்டினோம். தம்பி மூன்று நாள் வீட்டுக்கே வரவில்லை. அதற்குப் பிறகு நான் தனியாக, ஜீப்பில் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து பேசினேன். முகத்தைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துப் பேசுவது இருவருக்கும் சுலபமாக இருந்தது.

"ஏப்பா, போன வெள்ளிக்கிழமை சாப்பாட்டுத் தட்டுல தல சாஞ்சிருச்சு உனக்கு. எனக்குப் பயமா இருக்கு."

"முதுகு வலிக்கா. ரெண்டு மாத்திரதான்."

"ரெண்டா இருந்தா எனக்குப் பயமில்ல. அட்டைய எண்ணிட்டேன்ப்பா."

ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "அது இல்லேன்னா ஒடம்பு கேக்க மாட்டேங்குதுக்கா" என்றான். அந்த ஒரு வாக்கியம் வந்தால் போதும். சத்தியம் வாங்காதீர்கள், கோயிலில் கயிறு கட்டாதீர்கள், குழந்தை தலையில் அடிக்கச் சொல்லாதீர்கள். உடம்பு கேட்கும்போது சத்தியம் நிற்காது. உடைந்த சத்தியத்துக்குப் பின் அவர் உங்கள் முகத்தில் விழிக்க மாட்டார். "நாளைக்கு ஓ.பி.க்குப் போலாம், நானும் வர்றேன்" என்று நாளையும் நேரத்தையும் மட்டும் முடிவு செய்யுங்கள்.

9. டாக்டரிடம் போவது

மனநல மருத்துவர்தான் இதற்கானவர். தேனிக்காரர்களுக்குக் க.விலக்கில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளில் கலங்கரை என்ற பெயரில் போதை மீட்பு மையங்கள் தொடங்கியிருக்கிறார்கள். கேரளத்தில் விமுக்தி மையங்கள் மாவட்டந்தோறும் இருக்கின்றன. எல்லையில் இருப்பவர்கள் எந்தப் பக்கம் போவது என்று குழம்ப வேண்டாம். அடிக்கடி போய்வர எது பக்கமோ அங்கே போங்கள். ஒரு நாளில் முடியும் சிகிச்சை இல்லை இது.

நோட்டு, அட்டைகள், பழைய சீட்டு மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். "கடைசியாக எப்போது போட்டார்" என்று கேட்பார்கள், வெட்கப்பட்டுக் குறைத்துச் சொல்லாதீர்கள். சிகிச்சைக்காக நாக்கடியில் வைக்கும் புப்ரெனார்ஃபின் மாத்திரையை உடம்பு முறுக்கத் தொடங்கிய பிறகே தர முடியும். பழைய மருந்து உள்ளே இருக்கும்போதே கொடுத்தால் வித்டிராயல் ஒரேயடியாகத் தூக்கிவிடும். அபின் மருந்தை வேலை செய்ய விடாமல் தடுக்கும் நால்ட்ரெக்சோன் என்றால் குறைந்தது 7 முதல் 10 நாள் எதுவும் போடாமல் இருந்திருக்க வேண்டும். நேரம் பொய்யானால் சிகிச்சையே வேதனையாகும்.

புப்ரெனார்ஃபின் பற்றி, "ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதையா" என்று எங்கள் மாமா கேட்டார். அளவு நிலையாக, டாக்டர் கண்காணிப்பில் எடுக்கும்போது ஆள் தூங்கி விழுவதில்லை, திருடுவதில்லை, வேலைக்குப் போகிறார், அளவு மீறிச் சாவதும் குறைகிறது. ஊசி போடுகிறவர்களுக்கு இந்தப் புப்ரெனார்ஃபினை அரசு மையங்களில் இலவசமாகவே தருகிறார்கள். மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் ஓடும். உறவினர் பேச்சைக் கேட்டுப் பாதியில் நிறுத்துவதுதான் பெரிய தப்பு.

ஊசி போட்டிருந்தால் அதே வளாகத்தில் உள்ள நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம். மஞ்சள் காமாலை பி, சி இரண்டுக்கும் பார்க்கச் சொல்லுங்கள். சி வகை இன்று பெரும்பாலும் மூன்று மாத மாத்திரையில் குணமாகிறது.

கர்ப்பிணி என்றால் தானாக நிறுத்தவே கூடாது. திடீர் நிறுத்தம் கருவுக்கு ஆபத்து. அன்றே டாக்டரைப் பாருங்கள்.

10. பூட்டி வைக்காதீர்கள்

இந்தப் பத்தியை இரண்டு முறை படியுங்கள். பத்து நாள் அறையில் பூட்டி, கஞ்சி கொடுத்து, "சுத்தமாகிவிட்டான்" என்று திறந்துவிட்டால் நடப்பது இது: உடம்பு அந்த மருந்தைத் தாங்கும் சக்தியை இழந்திருக்கும், ஆசை மட்டும் அப்படியே இருக்கும். வெளியே போனதும் பழைய அளவையே போடுவார். முன்பு தலையைத் தொங்கவைத்த அளவு இப்போது மூச்சை நிறுத்தும். ஜெயிலிலிருந்து வந்த முதல் வாரங்கள், மீட்பு மையத்திலிருந்து வந்த முதல் வாரங்கள், நீண்ட நாள் ஆஸ்பத்திரியில் இருந்து வந்த முதல் வாரங்கள் எல்லாம் இதே கண்டம்தான்.

அதனால் இடைவெளிக்குப் பின் மறுபடி விழக்கூடும் என்ற எண்ணத்தோடேயே திட்டமிடுங்கள். இதை அவரிடமே வாய்விட்டுச் சொல்லுங்கள்: "போட்டாலும் என்கிட்ட சொல்லு, தனியா இருந்து போடாத, பழைய அளவு உன்னக் கொன்னுரும்." இப்படிச் சொன்னால் அனுமதி கொடுத்ததாகாதா என்று கேட்பார்கள். எனக்கும் முதலில் நாக்கு எழவில்லை. ஆனால் தம்பி ஒரு முறை விழுந்தபோது எனக்குப் போன் வந்தது அந்த வார்த்தையால்தான்.

அடித்துத் திருத்தும் தனியார் மையங்களிலும் கவனம் தேவை. நாங்கள் பணம் கட்டிய ஓரிடத்தில் டாக்டர் வாரம் ஒரு நாள் எட்டிப் பார்த்தார், மற்ற நாளெல்லாம் பிரம்புதான். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி இத்தகைய சிகிச்சை மையங்களுக்குப் பதிவு வேண்டும். சங்கிலியால் கட்டுவதை அந்தச் சட்டமே தடை செய்கிறது. பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள், நோயாளியை நேரில் பார்க்க விடுவார்களா என்று கேளுங்கள். தயங்கினால் திரும்பி வந்துவிடுங்கள்.

11. கேஸ் ஆகுமா என்ற பயம்

டிரமடால் 2018 முதல் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. அதனால் சீட்டு இல்லாமல் கைவசம் வைத்திருப்பதே வழக்காகலாம். ஆனால் 1985ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்திலேயே 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. போதைப் பொருளைப் பயன்படுத்தியதற்காகவோ, சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கியவர் தானாக முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அரசு அங்கீகரித்த இடத்திலோ சிகிச்சை எடுத்தால், அவரைத் தண்டனை வழக்கிலிருந்து விடுவிக்க அது வழி செய்கிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்த விலக்கு போய்விடலாம். விற்றவருக்கு இது பொருந்தாது.

கேரளப் பக்கம் விமுக்தியை நடத்துவது எக்சைஸ் துறை. செக்போஸ்டில் வண்டியை நிறுத்திச் சோதிப்பதும் அவர்கள்தான் என்பதால் நம் ஆட்கள் அங்கே போகப் பயப்படுகிறார்கள். மையத்தில் பார்ப்பது டாக்டரும் ஆலோசகரும்தான், சிகிச்சை விவரம் ரகசியம். ஒரு முறை நீங்கள் மட்டும் போய்ப் பேசிவிட்டு வாருங்கள், அப்புறம் அவரை அழைத்துப் போங்கள். பயம் பாதி குறையும்.

12. அடுத்த வலி வரும்போது

எல்லாம் சரியான பின்னும் ஒரு நாள் பல் வலிக்கும், வண்டியிலிருந்து விழுவார், குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் வரும். விஷயம் தெரியாத டாக்டர் நல்லெண்ணத்தில் அதே மாத்திரையை எழுதிக் கொடுப்பார். நால்ட்ரெக்சோன் எடுப்பவருக்கு அது வேலையும் செய்யாது. அதனால் எடுக்கும் மருந்தின் பெயர், பழைய பழக்கம், பார்க்கும் மனநல மருத்துவரின் எண் மூன்றையும் ஒரு அட்டையில் எழுதி, டிரைவிங் லைசென்ஸுக்குப் பின்னால் வைக்கச் சொல்லுங்கள். வலியைப் பொறுத்துக்கொள் என்று சொல்ல வேண்டியதில்லை. வேறு வழிகள் டாக்டர்களிடம் உண்டு. அபின் வகையே தவிர்க்க முடியாது என்றால் சில நாளுக்கு மட்டும் எழுதச் சொல்லி, மாத்திரையை நீங்கள் பெட்டியில் வைத்து, வேளைக்கு ஒன்றாக எடுத்துக் கொடுங்கள்.

போன தை மாதம் தம்பிக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கினார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அவனே அட்டையை எடுத்து நீட்டினான். பல் டாக்டர் படித்துவிட்டு ஐபுப்ரோஃபென் எழுதிக் கொடுத்தார், ஐந்து நாளைக்கு.